மெதுவான கேமராவும் ஆளற்ற கோயில்களும்

விழிஞ்ஞம் குடைவரை மிகச் சிறியது. ஒரே கருவறை, உள்ளே வீணாதர தட்சிணாமூர்த்தி. வாயிலின் இருபுறமும் பாறை முகத்தில் சிவனின் புடைப்புருவங்கள், இரண்டுமே முற்றுப்பெறாதவை. ஆய் மரபினரின் துறைமுக நகரில் எட்டாம் நூற்றாண்டளவில் தொடங்கிய பணி இது. பாறையிலிருந்து முழுமையாகப் பிரியாத இத்தகைய உருவங்களைப் படமெடுப்பவருக்கு ஒளியும் பொறுமையுமே முதன்மைக் கருவிகள்.

அப்பொறுமைக்குத் தமிழகத்தில் நெடிய வரலாறு உண்டு. 1856இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், மெழுகிட்ட காகித நெகட்டிவ்களில் நிமிடக்கணக்கில் ஒளியைப் பதியவிட்டார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 நெகட்டிவ்களில் எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தார். ஹுல்ஷ் அக்கல்வெட்டுகளைத் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் வெளியிடத் தொடங்கியது 1891இல்தான். வாசிப்புக்கு முன்பே படம் வந்துவிட்டது.

1990களில் பரவிய டிஜிட்டல் ஸ்கேனிங் பேக், அந்தப் பழைய மெதுவைப் புதிய வடிவில் மீட்டது. பெரிய கேமராவில் பிலிம் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று உணரி வரிசைகள் மெல்ல நகர்ந்து, காட்சியை வரிவரியாகப் படிக்கின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று நிறங்களும் நேரடியாகப் பதிவாவதால், அண்டைப் புள்ளிகளைக் கொண்டு நிறத்தை ஊகிக்க வேண்டியதில்லை. உளித்தடமும் கல்லின் மணியும் துல்லியமாகக் கிடைக்கும். விலை, பல நிமிடக் காத்திருப்பு.

காத்திருப்பு மட்டுமே விலையன்று. டிரைப்பின் நெகட்டிவில் நடந்து செல்பவர் பதியாமலே மறைந்தார். ஸ்கேனிங் பேக்கிலோ மூன்று வரிசைகளும் ஒரே இடத்தை வெவ்வேறு கணங்களில் கடப்பதால், நகரும் மனிதர் நிறம் பிரிந்த கீற்றுகளாகச் சிதைகிறார். அவரைப் 'பிழை' என்று நீக்கிவிடுவார்கள். இரு நூற்றாண்டுகளிலும் அசையாதது மட்டுமே ஆவணமாயிற்று. கோயிலை வழிபாட்டிடமாக அன்றி ஆளற்ற 'நினைவுச்சின்னமாக' பார்க்கப் பழக்கியதில் ஒளிப்பட வேதியியலுக்கும் பங்குண்டு.

விழிஞ்ஞத்தில் இக்கேள்வி கூர்மையாகிறது. குடைவரையைச் சூழ்ந்திருப்பது இன்றும் இயங்கும் மீனவத் துறை. நின்றுபோன உளியின் தடத்தைச் சிதறாமல் காட்டும் கருவி, நில்லாத ஊரைக் காட்டாது. ஆகவே பழம்படங்களைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், படத்தில் இருப்பதோடு அது எத்தனை நிமிடங்களில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். வெறுமையான பிராகாரம், கோயில் வெறிச்சோடியிருந்ததற்குச் சான்றாகாது.