வேடன், துப்பாக்கி, பூனை: ஒரு வகுப்பறைப் படத்தின் அரசியல்

வகுப்பறையில் படம் என்றாலே பாடத்தை எளிமையாக்குகிற சாதனம் என்றுதான் நம்மில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எழுத்து தெரியாதவரை படம், தெரிந்துவிட்டால் புத்தகம். 1658இல் கொமேனியஸ் வெளியிட்ட 'ஓர்பிஸ் பிக்டஸ்' தொடங்கி ஆரம்பப் பள்ளிச் சுவரில் தொங்கும் சார்ட் வரைக்கும் ஏற்பாடு ஒன்றுதான்: பொருள், அதற்கொரு பெயர். 'இது பசு'ன்னு படமே சொல்லி முடித்துவிட்டால், பிள்ளை யோசிப்பதற்கு என்னதான் மிச்சம்?

இந்த ஏற்பாடு குலைந்த தருணமாக நான் 1963ஆம் ஆண்டின் வடகிழக்குப் பிரேசிலைப் பார்க்கிறேன். ஆஞ்சிகோஸ் என்ற வறண்ட சிற்றூரில் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் குழு சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தரும் பரிசோதனையை நடத்தியது. எழுத்தறியாதவருக்கு அன்று பிரேசிலில் ஓட்டுரிமை கிடையாது; அது 1985இல்தான் வந்தது. ஆக, எழுத்தைக் கற்பது என்பது ஓட்டைக் கேட்பதும்தான்.

ஃப்ரெய்ரேயின் முறையில் எழுத்துக்கு முன்னால் வந்தவை படங்கள். ஓவியர் பிரான்சிஸ்கோ பிரென்னாந்த் வரைந்தவை. பத்துச் சூழல்கள். அவற்றில் மூன்று வேட்டை பற்றியவை: வில்லோடு ஒரு பழங்குடி, துப்பாக்கியோடு ஒரு குடியானவன், எலி பிடிக்கும் பூனை. இவர்களில் யார் வேடன்? பூனையும் வேடன்தானா? கேள்வி இவ்வளவுதான். ஆனால் பேச்சு எங்கெங்கோ போகும். வில்லைச் செய்தது யார், செய்யக் கற்றது எப்படி, பூனைக்கு ஏன் கருவி இல்லை என்று. இன்னொரு படத்தில் களிமண்ணைப் பிசைகிற மனிதர்கள். மண்ணைப் பானையாக்குவது பண்பாடு என்றால், 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க' என்று ஒதுங்கியவனும் பண்பாட்டை உருவாக்குகிறவன்தானே? இதற்குப் பிறகுதான் 'செங்கல்' போன்ற சொற்கள் வந்தன, அசைகளாக உடைந்தன, அசைகளிலிருந்து கற்பவர்கள் புதிய சொற்களைக் கட்டினார்கள்.

வில்லேந்தியவனை ஃப்ரெய்ரே எழுத்தறியாதவன் என்று சொல்லவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எழுத்தே இல்லாத பண்பாட்டில் எழுத்தறியாமை ஏது? எழுத்து இருக்கும் சமூகத்தில் அது மறுக்கப்பட்டவனே எழுத்தறியாதவன். அதாவது எழுத்தறியாமை தனிமனிதக் குறை அல்ல, ஓர் உறவு. அறிவுத் திறனைப் பற்றிய பேச்சு அத்தனையையும் இந்த ஒரு வாதம் திருப்பிப் போட்டுவிடுகிறது.

அதற்காக இதைப் புனிதமாக்கவும் முடியாது. முதலில் வில், அடுத்து துப்பாக்கி என்ற வரிசையே ஒரு முன்னேற்றக் கதையாடல். பழங்குடி அதில் ஏணியின் கீழ்ப்படியாகத்தான் நிற்கிறான். 'பண்பாடு' என்ற விடையும் ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே இருந்தது. படத்துக்குக் கீழே பெயர் எழுதவில்லை, சரி. பேச்சின் முடிவில் அது காத்துக்கொண்டிருந்ததே. பரிசோதனைக்கான பணமும் அமெரிக்காவின் 'முன்னேற்றத்துக்கான கூட்டணி'யிலிருந்து வந்தது. விடுதலைக் கல்விக்குள்ளும் அதிகாரம் நுழைய வழி இருக்கவே செய்தது.

ஆனாலும் வரலாறு ஒரு சான்றை விட்டுச்சென்றிருக்கிறது. 1963 ஏப்ரல் 2 அன்று ஆஞ்சிகோஸின் நிறைவு வகுப்புக்கு ஜனாதிபதி ஜோவாவ் கூலார்த் வந்தார். வந்திருந்தவர்களில் ஜெனரல் காஸ்தெலோ பிராங்கோவும் ஒருவர். அடுத்த ஆண்டு ராணுவம் கூலார்த்தைக் கவிழ்த்தது. அந்த ஜெனரலே ஜனாதிபதியானார். நாடெங்கும் 20,000 பண்பாட்டு வட்டங்கள் என்ற திட்டம் ரத்தானது. ஃப்ரெய்ரே சுமார் 70 நாட்கள் சிறையில் இருந்துவிட்டு நாட்டைவிட்டு வெளியேறினார். பிரென்னாந்தின் படங்களும் பறிமுதலாயின. பிறகு அச்சான நூலுக்கு வேறொரு ஓவியர் புதிதாக வரைய வேண்டியதாயிற்று.

எழுத்தைக் கண்டா ராணுவம் பயந்தது? இல்லை. 1967இல் அதுவே 'மோப்ரால்' என்ற எழுத்தறிவு இயக்கத்தை உருவாக்கியது. அதிலும் திறவுகோல் சொற்கள் இருந்தன, படங்கள் இருந்தன, அசை பிரிப்பதும் இருந்தது. யார் வேடன் என்ற விவாதம் மட்டும் இல்லை.

வகுப்பறைகளில் இன்று படங்களுக்குப் பஞ்சமில்லை. நாம் கேட்க வேண்டியது, அந்தப் படத்தைப் பார்த்து வாத்தியாருக்கே விடை தெரியாத ஒரு கேள்வியைப் பிள்ளை கேட்க முடிகிறதா என்பதைத்தான்.