துணி இடுப்பும் கை பழகிய பாடமும்

பிரான்சின் ரூவான் நகரிலுள்ள மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்தில் துணியால் தைத்த ஒரு பெண்ணுடல் இருக்கிறது. இடுப்பும் தொடைகளும் மட்டுமே, ஆனால் நிஜ அளவு. கூடவே ஒரு துணிக் குழந்தை. காதுகளைத் தைத்து, தலைமுடியை மையால் வரைந்திருக்கிறார்கள். திறந்த வாய்க்குள் நாக்கும் உண்டு. விரலை விட்டால் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் போகும். இது அழகுக்குச் செய்த வேலையல்ல. கால் முதலில் வரும் பிரசவத்தில் தலை சிக்கிக்கொண்டால், மருத்துவச்சி குழந்தையின் வாய்க்குள் விரல் கொடுத்துத் தலையை வெளியே கொண்டுவர வேண்டும். அந்தப் பிடி கைக்குப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வாய்.

இதை வடிவமைத்தவர் ஆஞ்செலிக் து கூத்ரே. 1740இல் பாரிஸில் மருத்துவச்சியாகத் தேர்ச்சி பெற்றவர். பிறகு ஓவேர்ன் மலைப்பகுதிக்குப் போய்க் கிராமத்துப் பெண்களுக்குப் பாடம் எடுத்தார். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இடுப்பெலும்பின் அமைப்பை வாயால் விளக்கினால் தலையில் ஏறவில்லை. துணி, தோல், பஞ்சு கொண்டு அவர் உருவாக்கிய ‘இயந்திரம்’ அப்படித்தான் பிறந்தது. பனிக்குடம் உடைவதையும் உதிரப்போக்கையும் காட்ட, சாயநீரில் நனைத்த கடற்பஞ்சுகளையும் அதில் பயன்படுத்தினார்.

1759இல் அவருடைய பாடநூல் வெளிவந்தது. அதே ஆண்டில், நாடெங்கும் சென்று கற்பிக்கும்படி பதினைந்தாம் லூயி மன்னர் ஆணையிட்டார். தாய்மார் மீதான பரிவு மட்டுமே இதற்குக் காரணமல்ல. போர் நடந்துகொண்டிருந்தது, நாட்டில் மக்கள்தொகை தேய்கிறது என்ற அச்சம் அரசவையைப் பிடித்தாட்டியது. உண்மையில் அந்த நூற்றாண்டில் பிரான்சின் மக்கள்தொகை வளர்ந்தே வந்தது. தப்புக் கணக்கு ஒன்று நல்ல காரியத்துக்குப் பணம் கொடுத்தது!

அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் ஊர் ஊராகப் போனார். ஓரிடத்தில் பயிற்சி சுமார் இரண்டு மாதம். ஒவ்வொரு மாணவியும் பொம்மையின் மீது திரும்பத் திரும்பச் செய்து காட்ட வேண்டும். அவரிடம் நேரடியாகப் படித்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர் என்பது பரவலான மதிப்பீடு. இவரைப் பற்றி விரிவாக ஆராய்ந்த நீனா கெல்பார்ட்டின் நூல் 1998இல் வந்தது.

இந்த வரலாற்றில் நெருடும் இடம் ஒன்றுண்டு. ஒரு நகரை விட்டுக் கிளம்பும்போது, பாடத்தைத் தொடர உள்ளூர் அறுவை மருத்துவர்களுக்கு அவர் பயிற்சி கொடுத்து, இயந்திரத்தையும் விலைக்குக் கொடுத்துச் சென்றார். அவர்கள் ஆண்கள். பெண்ணொருத்தி பெண்களுக்காகக் கண்டுபிடித்த கல்விமுறை, மருத்துவச்சிகள் ஆண்களின் மேற்பார்வைக்குள் போவதற்கும் வழிவிட்டது. அந்த அறுவை மருத்துவர்களைப் பகைத்துக்கொண்டிருந்தால் எந்த நகரிலும் வகுப்பு நடந்திருக்காது என்பதும் உண்மை.

து கூத்ரே 1794இல் போர்தோவில் இறந்தார். 1802இல் பாரிஸின் பேறுகால மருத்துவமனையில் மருத்துவச்சிகளுக்கான அரசுப் பள்ளி தொடங்கியது. அங்கே தலைமை மருத்துவச்சி மரி-லூயிஸ் லாஷப்பெல். மாணவிகள் இப்போது பொம்மையோடு நிற்கவில்லை; பிரசவ அறையிலேயே பயின்றார்கள். லாஷப்பெல் ஒவ்வொரு பேற்றையும் குறித்துவைத்து, குழந்தை கிடக்கும் நிலைகளை வகைப்படுத்தினார். சுமார் 40,000 பிரசவங்களின் அனுபவத்தைத் திரட்டிய அவருடைய நூல் 1821 முதல் 1825 வரை மூன்று தொகுதிகளாக அச்சேறியது. பிரசவக் குறடுகளைக் கண்டபடி பயன்படுத்துவதை அதில் அவர் எதிர்த்திருந்தார்.