பிரஷர் மிஷின் வீட்டுக்கு வந்த கதை

“சிஸ்டர், ஆஸ்பத்திரியில் பார்த்தால் 160 காட்டுகிறது. வீட்டு மிஷினில் 138தான் வருகிறது. எதை நம்புவது?”

அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் தெருவில் என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் பெரும்பாலும் வீட்டு மிஷினைத்தான் சந்தேகப்படுகிறார்கள். கடையில் வாங்கிய சின்னப் பொருள், டாக்டர் பார்க்கும் அளவுக்கு ஈடாகுமா என்ற எண்ணம் அவர்களுக்கு. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்தக் கதை தெரிந்தால், காலையில் கையில் பட்டையைச் சுற்றும்போது கொஞ்சம் மரியாதை வரும் என்பதால் எழுதுகிறேன்.

குதிரையில் தொடங்கியது

ரத்த அழுத்தத்தை முதலில் அளந்தவர் ஒரு பாதிரியார். இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டெடிங்டன் ஊரைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ். பெண்குதிரை ஒன்றை மல்லாக்கக் கட்டி, தொடையில் ஓடும் தமனியைத் திறந்து பித்தளைக் குழாயைச் செருகினார். அதோடு ஒன்பது அடி நீளக் கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் வரை ஏறி, இதயம் துடிக்கத் துடிக்க மேலும் கீழுமாக ஆடியது. 1733இல் வந்த அவருடைய நூலில் இந்தச் சோதனை விவரமாக இருக்கிறது. குதிரை பிழைக்கவில்லை.

1828இல் பாரிஸில் ழான் புவாசே என்ற இளம் மருத்துவர் கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஊற்றினார். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். ஹேல்ஸின் குழாயில் எட்டடிக்கு மேல் ஏறிய அழுத்தம், பாதரசத்தில் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். 120, 80 என்று நாம் இன்று சொல்வதெல்லாம் பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் உயரும் என்ற கணக்குத்தான். பாதரசமே இல்லாத மிஷினிலும் அதே கணக்கு.

மனித உடம்பில் அளக்க இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1856இல் ஃபேவ்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர், காலை வெட்டி எடுக்கும் அறுவையின்போது தொடைத் தமனியில் குழாயை இணைத்துப் பார்த்தார். 120 மில்லிமீட்டர் வந்தது. ஆனால் தமனியைத் திறந்துதான் அளக்க முடியும் என்றால் யாருக்கு அளப்பது?

வெட்டாமல் அளக்க வழி செய்தவர் வியன்னாவைச் சேர்ந்த சாமுவேல் ஃபான் பாஷ். மெக்சிகோவில் பேரரசர் மேக்ஸிமிலியனுக்கு மருத்துவராக இருந்தவர் அவர். 1881இல் தண்ணீர் நிரப்பிய ரப்பர் பையை மணிக்கட்டில் வைத்து அழுத்தி, நாடி எந்த அழுத்தத்தில் மறைகிறது என்று பார்த்தார். வழி சரி, ஆனால் அழுத்துகிற விரலுக்கு ஏற்ப அளவு மாறியது.

1896இல் இத்தாலியின் டூரின் நகரில் ஷிப்பியோனே ரீவா-ரோச்சி அந்தக் குறையைத் தீர்த்தார். ஒரே இடத்தில் அழுத்தாமல், மேற்கையைச் சுற்றிலும் காற்றுப்பட்டை கட்டி எல்லாப் பக்கமும் சமமாக இறுக்கினார். சைக்கிள் டியூப், மைக்கூடு, செம்புக் குழாய் என்று கைக்குக் கிடைத்த பொருள்களால் செய்த கருவி அது. இன்று நம் கையில் சுற்றும் பட்டை அதன் நேர் வாரிசு. அவருடைய பட்டை 5 சென்டிமீட்டர் அகலமே இருந்ததால் அளவு கூடுதலாகக் காட்டியது. 1901இல் ஹைன்ரிஷ் ஃபான் ரெக்லிங்ஹவுசன் பட்டையை அகலமாக்கி அதைத் திருத்தினார். பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பிரஷர் பொய்யாக ஏறிக் காட்டும் என்று நாங்கள் வார்டில் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்துக்கு மூலம் இதுதான். அளக்கிறார்கள் என்ற பதற்றமே அளவை ஏற்றிவிடும் என்பதையும் ரீவா-ரோச்சி அப்போதே கவனித்திருந்தார்.

காதுக்கு வந்த வேலை

ரீவா-ரோச்சியின் கருவியில் மேல் அளவு மட்டும்தான் தெரியும். கீழ் அளவைத் தந்தவர் ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கோலாய் கொரோட்கோவ். ரஷ்ய-ஜப்பானியப் போரில் ரத்தக்குழாய் கிழிந்து வந்த வீரர்களுக்கு அவர் சிகிச்சை செய்தார். எந்தத் தமனியைக் கட்டினால் கால் பிழைக்கும், எதைக் கட்டினால் அழுகும் என்று அறுவைக்கு முன்பே தெரிந்துகொள்ள, ஸ்டெத்தை வைத்துத் தமனியின் சத்தத்தைக் கேட்டுப் பழகினார். பட்டையை இறுக்கி மெல்லத் தளர்த்தும்போது ஒரு கட்டத்தில் சத்தம் பிறக்கிறது, இன்னொரு கட்டத்தில் அடங்குகிறது என்று கண்டார். 1905இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ராணுவ மருத்துவக் கழகத்தில் அவர் வாசித்த அறிக்கை ஒரு பக்கத்தைக்கூட நிரப்பாது. மருத்துவ வரலாற்றில் அவ்வளவு சுருக்கமாக எழுதி அவ்வளவு கோடிப் பேருக்குப் பயன்பட்ட பக்கம் வேறு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பயிற்சி மாணவியாகக் கற்றதும் அந்தப் பக்கத்தைத்தான். கனமான பெட்டியைத் திறந்து மூடியை நிமிர்த்தினால் 0 முதல் 300 வரை கோடு போட்ட கண்ணாடிக் குழாய். பல்பை அமுக்க அமுக்கப் பாதரசம் மேலே போகும். திருகைத் தளர்த்தி, நொடிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்ற வேகத்தில் இறக்க வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் முதல் சத்தம் தவறிப்போகும். ஜெனரல் வார்டில் டிரிப் ஸ்டாண்டு உருளும் சத்தம், பார்வையாளர்களின் பேச்சு, குழந்தையின் அழுகை எல்லாவற்றுக்கும் நடுவில் முழங்கை மடிப்பிலிருந்து வரும் அந்தத் ‘டப் டப்’பைப் பிரித்துக் கேட்கக் காது பழக மாதக்கணக்கில் ஆகும். பழகிவிட்டால் விடாது. இரவு டூட்டியில் அந்தச் சத்தத்தின் பலத்தை வைத்தே யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

எண்ணுக்குப் பொருள் வந்தது

அளக்கக் கற்றுக்கொண்டாலும், அளவு கூடினால் ஆபத்து என்று மருத்துவ உலகம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் விழித்துக்கொண்டவை ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் மியூச்சுவல் நிறுவனம் 1907 முதல் பாலிசி கேட்டவர்களுக்குப் பிரஷர் பார்க்கத் தொடங்கியது. பிரஷர் கூடியவர்கள் சீக்கிரம் இறந்ததை அவர்களுடைய பேரேடுகளே காட்டின.

அப்படியும் வயதானால் பிரஷர் ஏறத்தான் செய்யும் என்ற எண்ணம் போகவில்லை. அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதற்குப் பலியானவர். 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்டு புரூயன் பரிசோதித்தபோது அவருக்கு 186/108. அன்றைக்குப் பயன் தரும் மாத்திரையும் கிடையாது. 1945 ஏப்ரல் 12 அன்று தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது பார்த்த அளவு 300/190. மூளையில் ரத்தம் கசிந்து அன்றே இறந்தார். மூன்றே ஆண்டுகளில், 1948இல், ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. உயர் ரத்த அழுத்தம் பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் வழிவிடுகிறது என்று ஊர் அறியச் செய்தது அந்த ஆய்வு.

வெள்ளைக் கோட்டும் நர்ஸும்

இதற்கு முன்பே, 1940இல், பாஸ்டனில் அய்மன், கோல்ட்ஷைன் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் பிரஷர் பார்க்கக் கற்றுக்கொடுத்து, கருவியைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வீட்டில் எடுத்த அளவு கிளினிக் அளவைவிடக் குறைவாக இருந்தது. காரணத்தை விளக்கியது 1983இல் மிலான் நகரில் ஜுசெப்பே மான்சியா குழுவினர் செய்த ஆய்வு. தமனிக்குள்ளேயே அளவுமானியை வைத்து விடாமல் பதிவு செய்தபோது, டாக்டர் கட்டிலருகே வந்த சில நிமிடங்களில் மேல் அளவு சராசரியாக 27 மில்லிமீட்டர் வரை, கீழ் அளவு 15 வரை ஏறியது. அதே குழு 1987இல் நர்ஸை அனுப்பிப் பார்த்தது. ஏற்றம் ஏறக்குறைய பாதிதான்.

இந்த முடிவு எனக்கு ஒரு நிறைவைத் தந்தது என்று சொல்லத் தயங்க மாட்டேன். ‘முதலில் உட்காருங்கம்மா, தண்ணி குடிங்க, என்ன ஊரு?’ என்று கேட்டுவிட்டுப் பட்டையைக் கட்டும் நர்ஸ்களை, நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அந்தப் பேச்சுக்குப் பிறகு கொஞ்சம் மௌனமாக உட்கார வைத்து எடுத்த அளவுதான் நோயாளியின் உண்மைக்குப் பக்கத்தில் நின்றது.

ஓஹாசாமா தந்த பதில்

கொரோட்கோவ் வழியில் வீட்டில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டெத்தும் பழகிய காதும் வேண்டும். அந்தத் தடையை நீக்கியதில் பெரும் பங்கு ஜப்பானுக்கு. எக்ஸ்ரே படத்துக்கான நேரக்கருவியோடு 1933இல் தொழில் தொடங்கிய கசுமா தாத்தேயிஷியின் நிறுவனம்தான் பிற்பாடு ஓம்ரான் ஆயிற்று. அது 1973இல் வீட்டு உபயோகத்துக்கான பிரஷர் மானியையும், 1978இல் எண்ணில் காட்டும் கருவியையும் கொண்டுவந்தது. ஆரம்ப மின்னணுக் கருவிகளில் சத்தத்தைக் கேட்க மைக் இருந்தது. பிறகு வந்தவை சத்தத்தையே விட்டுவிட்டன. பட்டை தளரும்போது தமனியின் துடிப்பு பட்டைக்குள் இருக்கும் காற்றில் சிறு அதிர்வாகப் பதிகிறது. அதிர்வு எங்கே உச்சத்தைத் தொடுகிறது என்று பார்த்து, மேல் அளவையும் கீழ் அளவையும் கருவி கணக்கிடுகிறது. நாடித் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு தடுமாறும். அவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஜப்பானின் வடகிழக்கில், உப்பேற்றிய ஊறுகாயும் மிசோவும் அன்றாட உணவாக இருந்து, பக்கவாதம் மிகுந்திருந்த பகுதியில் ஓஹாசாமா என்ற சிற்றூர் இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் யுத்தாக்கா இமாய் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் அந்த ஊர் வீடுகளுக்குக் கருவியைக் கொடுத்து, நாள்தோறும் காலையில் அளந்து எழுதிவைக்கச் சொன்னார்கள். விவசாயிகளும் பாட்டிமார்களும் பொறுமையாக எழுதினார்கள். அவர்களில் 40 வயதைக் கடந்த 1,789 பேரைச் சராசரியாக ஆறரை ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 1998இல் முடிவு வெளியானது. யாருக்கு உயிராபத்து வரும் என்பதை, பரிசோதனை முகாமில் எடுத்த அளவைவிட வீட்டில் எடுத்த அளவே நன்றாக முன்கூட்டிச் சொன்னது.

என் தெருக்காரர்களுக்கு நான் சொல்லும் பதில் இங்கிருந்து வந்தது: முறையாக எடுத்தால் வீட்டு அளவே நம்பத்தக்கது. ஆஸ்பத்திரியில் 140/90 என்பது உயர் அழுத்தத்தின் எல்லை என்றால், வீட்டில் 135/85தான் எல்லை என்று உலகின் பல வழிகாட்டு நெறிகள் வைத்திருப்பதற்கு அந்த ஊர்க்காரர்களின் குறிப்பேடுகளும் காரணம். ஆகவே வீட்டில் 138 வந்தால் அதுவும் கவனிக்க வேண்டிய அளவுதான். ஆஸ்பத்திரியில் சரியாக இருந்து வீட்டில் மட்டும் கூடுதலாக இருப்பவர்களும் உண்டு. அவர்களை வீட்டு மிஷின் காட்டிக்கொடுக்கும்.

பாதரசம் விடைபெற்றதிலும் ஜப்பானுக்கு ஒரு பங்கு இருக்கிறது. பாதரசக் கழிவால் மினமாட்டா ஊர் மக்கள் நரம்புநோய்க்கு ஆளான கொடுமையின் நினைவாக, 2013இல் ஏற்பட்ட உலக ஒப்பந்தத்துக்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். பாதரசப் பிரஷர் மிஷின் உற்பத்தியை நிறுத்த 2020ஐ அது எல்லையாக்கியது. என் கை பழகிய கருவி போகிறதே என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனாலும் அது போவதே சரி.

நம் ஊரிலும் பிரஷர் பார்ப்பது வாசற்படி ஏறி வந்துவிட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாததால் மாத்திரையை விட்டவர்களை வார்டில் பக்கவாதத்தோடு பார்த்தவள் என்பதால், இதன் அருமை எனக்குத் தெரியும்.

வீட்டில் மிஷின் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டை உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, மேற்கையில் கட்டும் வகையாக வாங்குங்கள். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால் அளக்கவும். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். மாலையிலும் அப்படியே. ஒரு வாரம் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுத்து, அந்த நோட்டோடு மிஷினையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஒரு நாள் 120 வந்துவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.