பஞ்சமும் பூகம்பமும் அனுப்பிய மாணவர்கள்

1897 ஜூன் 22 இரவு, கணேஷ்கிந்த் சாலையில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். விருந்து முடிந்து அவர் வெளியே வந்த ஆளுநர் மாளிகைதான் விடுதலைக்குப் பிறகு புனே பல்கலைக்கழகமானது. ராண்டின் பெயரோடு நாம் நினைவில் வைத்திருக்கும் அந்தப் பிளேக் கட்டுப்பாடுகளில் அதே ஆண்டு வேறொருவரின் முயற்சியும் சிக்கிக்கொண்டது. மத்திய மாகாணப் பஞ்சத்தில் வீடும் உறவும் இழந்த சிறுமிகளையும் இளம் விதவைகளையும் புனேக்கு அழைத்துவந்து படிக்கவைக்க முயன்றார் பண்டித ரமாபாய். பேரிடரில் பெயர்ந்து வரும் மாணவர்களைக் கல்வி நிலையங்கள் எப்படி ஏற்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த நகரம் நூறாண்டு இடைவெளியில் இரண்டு முறை பதில் சொல்லியிருக்கிறது. அவற்றை அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வகுப்பில் ஓர் இடம் ஒதுக்கியதால் மட்டும் எந்த மாணவரின் படிப்பும் பிழைக்கவில்லை. ஏற்ற நிறுவனம் தன் விதிகளையே மாற்றிக்கொண்ட இடங்களில்தான் பிழைத்தது.

ரமாபாய்க்குப் பஞ்சம் புதிதல்ல. நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம் என்று நினைவுகூரப்படும் அந்த 1870களின் கொடுங்காலத்தில், சென்னை மாகாணத்தில் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தபோதுதான் தாய் தந்தையரை இழந்தார். பிறகு அண்ணனுடன் நடந்தே வடக்கே சென்று 1878இல் கல்கத்தாவை அடைந்தார். 1889இல் பம்பாயில் தொடங்கி அடுத்த ஆண்டே புனேக்கு மாற்றிய சாரதா சதன், உயர்சாதி இந்து விதவைகளுக்கு ஏட்டுக் கல்வி தருவதற்காக எழுந்த பள்ளி. 1897இல் அங்கு வந்து சேர்ந்தவர்களோ பல சாதியினர். பலர் எழுத்தையே பார்த்திராதவர்கள். எலும்பும் தோலுமாக, நோயோடு வந்தவர்கள். பிளேக் பயத்தில் நகருக்குள் இவர்களை வைத்திருக்க அனுமதி கிடைக்கவில்லை. சோலாப்பூர் ரயில் பாதையில், புனேயிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் அப்பால் கேட்கானில் ஏற்கெனவே வாங்கியிருந்த நிலத்துக்கு அவர்களை அழைத்துச் சென்றார். அங்கே சாதி வரம்பு போனது. பாடத்திட்டமும் மாறியது. மழலையர் வகுப்பு முதல் ஆசிரியப் பயிற்சி வரை ஒரு பக்கம்; தறி, அச்சகம், எண்ணெய்ச் செக்கு, பால்பண்ணை, வயல் வேலை மறு பக்கம். சாரதா சதனில் படித்த மூத்த பெண்களே புதியவர்களுக்கு ஆசிரியர்களாகவும் தாதிகளாகவும் ஆனார்கள். 1900இல் குஜராத் பஞ்சத்திலிருந்தும் பெண்கள் வந்தபோது எண்ணிக்கை ஏறத்தாழ 2,000 ஆனது. பழைய சாரதா சதனின் விதிகளை அப்படியே காத்துக்கொண்டு இதில் பத்தில் ஒரு பங்கைக்கூட அவர் சேர்த்திருக்க முடியாது.

இதற்கு எதிரான வாதம் வலுவானது, அன்றே எழுந்தது. ரமாபாய் கிறிஸ்தவர், பஞ்சத்தில் வந்த பெண்களில் பலர் மதம் மாறினார்கள். அதற்கு முன்பே, 1893இல், சதனில் மதத் தாக்கம் இருப்பதாகச் சொல்லி சீர்திருத்தவாதிகளான ரானடேயும் பண்டார்க்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகியிருந்தார்கள். போக்கிடமில்லாத குழந்தையின் விருப்பத்தை விருப்பம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியை ஒதுக்க என்னால் முடியவில்லை. சோறு போடும் கை சொல்வதைக் கேட்காமல் இருக்க, பசித்த பிள்ளைக்கு எந்த வலிமையும் கிடையாது. ஆனால் இந்தக் கேள்வி ஏற்பையே தவறாக்கிவிடாது. அது ஏற்பவர்மீது ஒரு கடமையைச் சுமத்துகிறது. வந்தவர் தம் வழியில் திரும்பிப் போகவும், அல்லது தங்கவும், உண்மையான வழி இருக்க வேண்டும். அன்று அந்தப் பெண்களுக்கு எதிரே இருந்த மாற்று, பட்டினியும் தெருவும்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்த பதில் 1993இல். செப்டம்பர் 30 அதிகாலை, கணபதி விசர்ஜனம் முடிந்து ஊர் உறங்கிய வேளையில், லாத்தூர் மாவட்டம் கில்லாரியை ஒட்டி நிலம் அதிர்ந்தது. கனத்த கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள் உறங்கியவர்கள்மேலேயே விழுந்தன. லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். சாந்திலால் முத்தா புனேயில் நிறுவிய பாரதிய ஜைன் சங்கடனா அங்கிருந்து சுமார் 1,200 பிள்ளைகளை அழைத்துவந்தது. அவர்களுக்காக வாகோலியில் பள்ளியும் விடுதியும் எழுந்தன. ஒரு நிவாரண முகாமின் ஆயுள் சில மாதம். இவர்கள் படிப்புக்குத் தேவைப்பட்டதோ ஆண்டுகள். விடுதி, மருத்துவம், இரவில் அலறி எழும் பிள்ளையைத் தேற்றும் ஆள் எல்லாம் சேர்ந்துதான் அங்கே பள்ளி. சொந்த ஊரையும் மொழிவழக்கையும் விட்டுப் பிள்ளைகளைப் பிரித்து வருவது சரியா என்று கேட்பவர்களுக்கு அந்த அமைப்பே பின்னர் ஒரு பதில் தந்தது: 2001 குஜராத் பூகம்பத்தில் பிள்ளைகளைப் புனேக்குக் கொண்டுவராமல், கட்ச் பகுதியிலேயே 368 பள்ளிகளைக் கட்டிக் கொடுத்தது. சிறு பிள்ளைகளுக்கு அதுவே மேல் என்று நினைக்கிறேன். கல்லூரி அப்படியல்ல. ஆய்வுக்கூடமும் நூலகமும் பேராசிரியரும் மூன்று மாதத்தில் முளைக்க மாட்டார்கள். மாணவர்தான் நகர வேண்டியிருக்கிறது.

அதை எப்படிச் செய்வது என்பதற்கு 2005 ஆகஸ்டில் கத்ரினா புயல் மூழ்கடித்த நியூ ஆர்லியன்ஸ் நல்ல பாடம். துலேன் பல்கலைக்கழகம் ஒரு பருவம் முழுவதும் மூடிக்கிடந்தது. அதன் மாணவர்களை அமெரிக்கா முழுவதும் நூற்றுக்கணக்கான கல்லூரிகள், சேர்க்கைக் கெடு முடிந்த பிறகும் சேர்த்துக்கொண்டன. அவர்கள் சேர்ந்தது வருகை மாணவர்களாக. சொந்தக் கல்லூரிக்குக் கட்டணம் கட்டியிருந்தால் மறுபடி வாங்குவதில்லை என்று பல இடங்களில் முடிவானது. அங்கே தேறிய பாடங்களைத் துலேன் ஏற்றுக்கொண்டது. 2006 ஜனவரியில் அது திறந்தபோது பெரும்பாலான மாணவர்கள் திரும்பினார்கள். நல்ல மாணவர்களைத் தக்கவைத்துக்கொள்ள ஏற்ற கல்லூரிகள் முனைந்திருந்தால், வெள்ளம் விட்டுவைத்த துலேனைப் போட்டி மூழ்கடித்திருக்கும். ரமாபாய் காலத்துக் கேள்விக்கு, திரும்பும் வழி எங்கே என்ற அதே கேள்விக்கு, இங்கே விதியாகவே பதில் எழுதப்பட்டது.

அமெரிக்காவில் முடியும், இங்கே எப்படி என்பார்கள். நம் கல்லூரிகள் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டவை. பாடத்திட்டமும் தேர்வும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறு. இடப்பெயர்வுச் சான்றிதழ் வேண்டும். வருகைப்பதிவு குறைந்தால் ஆண்டே போகும். எல்லாம் உண்மை. ஆனால் 2021 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் மதிப்பெண் வங்கித் திட்டம், ஓரிடத்தில் தேறிய பாடத்தை வேறிடத்தில் சேர்த்துக்கொள்ளும் வழியைத் திறந்திருக்கிறது. உள்ளூர் பிள்ளையின் இடம் பறிபோகுமே என்ற கவலைக்கும் நம்மிடமே முன்னுதாரணம் உண்டு. காஷ்மீரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுக்கு, இருக்கும் இடங்களைத் தொடாமல் பாடவாரியாக 5 சதவீதம் கூடுதலாகச் சேர்க்கவும், கட்-ஆஃப் மதிப்பெண்ணில் 10 சதவீதம் வரை தளர்த்தவும், இருப்பிடச் சான்று கேட்காமல் விடவும், இரண்டாம் ஆண்டிலிருந்து கல்லூரி மாறவும் விதிகள் இருக்கின்றன. துப்பாக்கிக்கு அஞ்சி வந்தவருக்கு எழுதிய விதியை, வெள்ளத்துக்கும் நிலச்சரிவுக்கும் தப்பி வந்தவருக்கும் நிரந்தரமாக எழுதிவைப்பதில் சட்டச் சிக்கல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பேரிடர் நடந்த பிறகு இரக்கத்தோடு விடும் சுற்றறிக்கை தாமதமாகத்தான் வரும். அதற்குள் தேர்வுக் கட்டணக் கெடு முடிந்திருக்கும், அந்த மாணவர் ஏதாவது கட்டட வேலைக்குப் போயிருப்பார்.

புனே பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் புனே, அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்), நாசிக் மாவட்டங்கள் அடங்கும். சஹ்யாத்ரியின் சரிவுகள் அதன் வரைபடத்திலேயே இருக்கின்றன. 2014 ஜூலை 30 அன்று ஆம்பேகான் தாலுகாவின் மாளின் கிராமத்தை மண்மலை மூடி 150க்கும் மேற்பட்டோரைக் கொன்றது இந்த எல்லைக்குள்தான். கல்விக் குழுவின் ஒரே கூட்டத்தில் நிறைவேற்றிவிடக்கூடிய தீர்மானம் இது: கூடுதல் இடம், கட்டண விலக்கு, விடுமுறையிலும் திறந்திருக்கும் விடுதி, சொந்தக் கல்லூரி எழுந்ததும் திரும்பும் உரிமை. அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே அது நிறைவேற வேண்டும்.