மூன்று கொடி ஏறினால் கிளம்பணும்: வங்கதேசம் புயலை எதிர்கொள்ளக் கற்ற கதை

மழைக்காலம் வந்தால் செய்தியில் ஒரு வரி தவறாமல் வரும்: துறைமுகத்தில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம். சின்ன வயசில் இருந்து கேட்கிறேன். எண் பெருசானா ஆபத்து பெருசு, அவ்வளவுதான்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, 5-ஆம் கூண்டுக்கும் 6-ஆம் கூண்டுக்கும் உள்ள வேறுபாடு, புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பது. பிரிட்டிஷ் காலத்தில் கப்பல்களுக்காக வந்த ஏற்பாடு. மாலுமிக்கு அது முக்கியமான தகவல். கரையோரக் குடிசையில் இருப்பவருக்கு? அவருக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு: இப்பவே கிளம்பணுமா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு லட்சக்கணக்கான உயிர்களைக் கொடுத்துப் பதில் கண்டுபிடித்தது வங்கதேசம். இன்றைக்கு அந்தக் கதையைத்தான் பார்க்கப் போகிறோம்.

1970 நவம்பர் 12. அப்போது அது கிழக்குப் பாகிஸ்தான். இரவு நேரம், கடலில் ஏற்றம் வேறு. போலா தீவையும் சுற்றியுள்ள மணல் தீவுகளையும் புயல் அலை மூடியது. செத்தவர்கள் 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை இருக்கலாம் என்கிறார்கள். பதிவான புயல்களில் இதைவிடக் கொடியது இல்லை.

இங்கே ஒரு விஷயம் என்னைத் தூங்க விடலை. புயல் வரும் செய்தி மக்களுக்குத் தெரியாமல் இல்லை. பின்னால் ஆய்வு செய்தவர்கள் சொன்னது, அந்தப் பகுதியில் சுமார் 90 சதவீதம் பேருக்குப் புயல் வருவது தெரிந்திருந்தது. உறுதியான கட்டடத்துக்குப் போனவர்கள் 1 சதவீதம்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரேடியோ சொன்னதை வைத்து எங்கே போவது, எப்போது போவது என்று முடிவெடுக்க வழியில்லை. பல தீவுகளில் போய் ஒதுங்க ஒரு கட்டடம்கூடக் கிடையாது.

அடுத்த வருஷமே வங்கதேசம் தனி நாடானது. 1972-ல் செஞ்சிலுவைச் சங்கங்கள் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. 1973-ல் அரசும் சேர்ந்துகொண்டது. திட்டம் ரொம்ப எளிமை. ஊர்க்காரர்களிலேயே தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், சுமார் 20,000 பேர். சம்பளம் கிடையாது. டாக்காவிலிருந்து வயர்லெஸ்ஸில் செய்தி வரும். அங்கிருந்து வீடு வரைக்கும் கொண்டு போவது இவர்கள் வேலை. கையில் மெகாஃபோன், கையால் சுற்றும் சைரன். கம்பத்தில் கொடி. ஒரு கொடி என்றால் கவனமாக இரு, இரண்டு என்றால் தயாராகு, மூன்று ஏறினால் கிளம்பு. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். ஆடு மாடுகளுக்காக உயரமான மண்மேடுகளும் போட்டார்கள். கில்லா என்று பெயர், நம்ம ஊர் 'கில்லா' மாதிரிதான், கோட்டைன்னு அர்த்தம்.

அப்போ எல்லாம் சரியாயிடுச்சா? இல்லை.

1991 ஏப்ரல் 29, சிட்டகாங் கரை. இந்த முறை எச்சரிக்கை கொடுத்தார்கள், தன்னார்வலர்கள் வீடு வீடாகவும் போனார்கள். அப்படியும் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். ஏன்? பல இடங்களில் புகலிடம் எட்டாத தூரம். வீட்டை விட்டுப் போனால் திருடு போய்விடும் என்ற பயம். மாட்டை யார் பார்ப்பது? 20 முதல் 44 வயது வரையுள்ளவர்களில், ஆயிரத்துக்கு 15 ஆண்கள் இறந்த இடத்தில் 71 பெண்கள் இறந்தார்கள் என்று ஒரு கணக்கு உண்டு. ஆண்கள் நெருக்கியடித்து நிற்கும் கூடத்தில் போய் நிற்பதா என்ற கூச்சம், கணவர் வராமல் எப்படிக் கிளம்புவது என்ற தயக்கம், கையில் குழந்தைகள். அறிவிப்பு செய்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஆண்கள். வீட்டுக்குள் இருக்கும் பெண்ணிடம் நேராகப் பேசி, 'வாங்கக்கா, போகலாம்' என்று கூட்டிப்போக ஆள் இல்லை.

இந்தப் பாடம் மெதுவாக உள்ளே இறங்கியது. தூண்கள் மேல் நிற்கும் புகலிடங்கள் நிறைய வந்தன. மற்ற நாட்களில் அதுதான் பள்ளிக்கூடம். இது சின்ன விஷயம் இல்லை. பிள்ளை தினமும் போய்வரும் கட்டடத்துக்குள் நுழைய அம்மாவுக்குத் தயக்கம் குறையும். பெண்களுக்குத் தனி அறை வந்தது. இப்போது தன்னார்வலர்கள் 76,000 பேர், அதில் பாதி பெண்கள்.

பலன் எண்ணிக்கையில் தெரிகிறது. 2007-ல் சிட்ர் புயல், சுமார் 3,400 பேர் இறந்தார்கள். 2020-ல் அம்பன் வந்தது, அதுவும் கொரோனா நடுவில். 24 லட்சம் பேரை இடம் மாற்றினார்கள். வங்கதேசத்தில் இறந்தவர்கள் முப்பதுக்கும் குறைவு. எல்லாப் புயலும் ஒரே பலம் இல்லை, ஒரே இடத்தில் அடிப்பதும் இல்லை, அதனால் இதை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. இருந்தாலும் லட்சத்தில் எண்ணிய நாடு, ஆயிரத்துக்கும் பிறகு பத்துகளுக்கும் இறங்கியிருக்கிறது.

ஒரு கசப்பையும் சொல்லிடறேன். 2009-ல் ஐலா புயலில் கரைகள் உடைந்து, வயல்களில் உப்புத் தண்ணீர் நின்றது. உயிர் தப்பியவர்கள் திரும்பி வந்தபோது விதைக்க நிலம் இல்லை. பல குடும்பங்கள் ஊரை விட்டே போயின. ஆளைக் காப்பாற்றும் வித்தையை வங்கதேசம் கற்றுக்கொண்டது. ஆளோட பிழைப்பைக் காப்பாற்றும் வித்தை இன்னும் பாக்கி இருக்கு.

அடுத்த முறை செய்தியில் கூண்டு எண் கேட்கும்போது ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. உங்க ஊர்ல கடலோரமாக் கடைசியா இருக்கிற வீட்டுக் கதவை அன்னிக்கு ராத்திரி யார் தட்டுவாங்க? அந்தப் பேர் உங்களுக்குத் தெரிஞ்சா எழுதி அனுப்புங்க. தெரியலைன்னா, அதையும் எழுதுங்க.