ஐந்தாம் மாதமும் நர்ஸ் மோட் கேலனும்



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். "வாந்தி நின்னுடுச்சு டீச்சர், நல்லா சாப்பிடுறேன். அதான் இந்த மாசம் செக்கப்புக்குப் போகலை" என்றாள். கண்டித்துவிட்டு, அமெரிக்காவில் வாழ்ந்த மோட் கேலன் என்ற கறுப்பின நர்ஸைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

கேலன் 1898-இல் ஃபுளோரிடாவில் பிறந்தவர். சிறு வயதில் பெற்றோரை இழந்து, டாக்டரான உறவினர் வீட்டில் வளர்ந்தார். நர்ஸ் பயிற்சி முடித்து 1923-இல் தெற்கு கரோலினாவில் பைன்வில் என்ற கிராமத்துக்கு வந்தார். அங்கே ஏழை விவசாயக் குடும்பங்கள், சேற்றுப் பாதைகள். தென் மாநிலங்களில் அப்போது நிறப்பாகுபாடு சட்டமாகவே இருந்தது. பல ஆஸ்பத்திரிகளில் கறுப்பினத்தவருக்குத் தனி வார்டு. சிலவற்றில் இடமே கிடையாது. அதனால் பிரசவம் பெரும்பாலும் வீட்டில்தான், ஊர் மருத்துவச்சியின் கையில்.

கேலன் அந்த மருத்துவச்சிகளை ஒதுக்கவில்லை. உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். கை கழுவுவது, சுத்தமான துணி, ஆபத்தின் அறிகுறி, எப்போது டாக்டரிடம் அனுப்புவது என்று எல்லாம் கற்றுக்கொடுத்தார். கர்ப்பிணிகளுக்கு கிளினிக் நடத்தினார். நூற்றுக்கணக்கான பிரசவங்களைத் தானே பார்த்தார்.

1951 டிசம்பரில் 'லைஃப்' இதழ் யூஜின் ஸ்மித் எடுத்த படங்களோடு அவரைப் பற்றி வெளியிட்டது. படித்தவர்கள் அனுப்பிய பணம் 20,000 டாலரைத் தாண்டியது. அதில் 1953-இல் பைன்வில்லில் ஒரு கிளினிக் எழுந்தது. 1971-இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான் உழைத்தார்.

பிரசவத்துக்கு முன்பே பரிசோதனை எதற்கு என்று கேட்பீர்கள். நான்கு முதல் ஆறு மாதம் வரை உடம்பு லேசாக இருக்கும். குழந்தை அசையத் தொடங்கும். 'எல்லாம் நலம்' என்று தோன்றும். ஆனால் 20 வாரத்துக்குப் பிறகுதான் கர்ப்பகால இரத்த அழுத்த நோய் தலைகாட்டும். தலைவலி, முகவீக்கம், கண் மங்கல் வரலாம். ஒன்றுமே தெரியாமலும் ஏறலாம். முற்றினால் வலிப்பு வந்து தாயின் உயிருக்கே ஆபத்து. பி.பி. கருவியும் சிறுநீர்ச் சோதனையும்தான் முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும். 18 முதல் 22 வாரத்துக்குள் ஸ்கேன், 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைச் சோதனை. எல்லாம் இந்த 'சுகமான' மாதங்களை ஒட்டித்தான்.

அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக் கதவுகள் கறுப்பினத்தவருக்குத் திறந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் 2023 கணக்குப்படி, ஒரு லட்சம் பிரசவங்களுக்கு இறந்த கறுப்பினத் தாய்மார்கள் 50.3, வெள்ளையர்கள் 14.5. வறுமை மட்டும் காரணமில்லை. பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம், பள்ளிப்படிப்பை முடிக்காத வெள்ளைப் பெண்களைவிட அதிகம்.

2017-இல் டென்னிஸ் வீராங்கனை செரினா வில்லியம்ஸ் குழந்தை பெற்ற மறுநாள், மூச்சுத் திணறியபோது, "எனக்கு இரத்தக்கட்டி இருக்கிறது, ஸ்கேன் எடுங்கள்" என்று தானே சொன்னார். மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்றே முதலில் நினைத்தார்கள். விடாமல் வற்புறுத்தினார். நுரையீரலில் கட்டிகள் இருந்தன. அவருக்கே அப்படியென்றால், பெயர் தெரியாத ஏழைப் பெண்ணின் சொல்லை யார் கேட்பார்கள்?

கேலன் அந்த வீடுகளுக்கு நேரில் போய்க் கேட்டார். பரிசோதனை என்பது கருவியும் வேண்டும், கேட்கும் காதும் வேண்டும் என்பதுதான் எனக்கு அவர் கற்றுத் தந்த பாடம். என் மாணவிகளில் பலர் இன்று நர்ஸ்கள். கர்ப்பிணி ஒருத்தி "ஏதோ சரியில்லை" என்றால், "எல்லாருக்கும் இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள் கண்ணுகளா.

அந்த மாணவி நேற்று தன் கர்ப்பிணி அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். இந்த மாதக் கட்டம் நிரம்பியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் யாருடைய அட்டையிலாவது ஒரு கட்டம் காலியாக இருக்கிறதா? பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்