மலாயாப் பிசினும் வானெழும் பந்தும்

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தில் ‘பிட்ச்’ என்றோர் அடி உண்டு. குழியை நெருங்கிய நிலையில் பந்தை உயர எழுப்பி, இடையிலுள்ள மணற்குழியையோ ஓடையையோ கடக்கச் செய்து, குழி அமைந்த புல்தளத்தில் அதிகம் உருளாமல் நிற்கச் செய்வதே அவ்வடி. ஸ்காட்லாந்தில் வளர்ந்த இவ்வாட்டத்தில் இவ்வடி சிறப்புற மலாயாக் காட்டு மரம் ஒன்று துணைநின்றது என்பது நம் மாணவர் அறிய வேண்டிய வரலாறாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, தோலுறைக்குள் இறகுகளை இறுகத் திணித்துச் செய்த பந்தே வழங்கியது. கைவினைஞர் ஒருவர் நாளொன்றுக்கு மூன்று நான்கு பந்துகளே செய்ய இயலும். ஆதலால் விலை மிகுதி. இரும்பு மட்டை பட்டால் தோல் கிழியும். எனவே, குழியருகே அடிப்பதற்கும் பெரும்பாலும் முகம் சாய்ந்த மரமட்டைகளையே ஆடுநர் கையாண்டனர்.

மலாய் மக்கள் தாபான் மரத்தின் பிசினை வெந்நீரில் இளக்கிப் பாராங்கத்திக்குப் பிடி அமைத்து வந்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி இதனைக் கண்டார். 1843ஆம் ஆண்டளவில் அப்பிசினின் மாதிரிகள் இலண்டன் சென்றன. ‘கெத்தா பெர்ச்சா’ என்ற மலாய்ப் பெயரே ஆங்கிலத்தில் ‘கட்டாபெர்ச்சா’ ஆயிற்று. 1848ஆம் ஆண்டளவில் அதனாலான பந்து ஸ்காட்லாந்தில் புழக்கத்திற்கு வந்தது. அது விலை மலிந்தது, இரும்படியையும் தாங்கியது, சிதைந்தால் இளக்கி மீண்டும் உருட்டலாம்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் ஆலன் ராபர்ட்சன் இறகுப்பந்து செய்வதில் பெயர்பெற்றவர். புதிய பந்து தம் தொழிலை அழிக்குமென அஞ்சி அதனை எதிர்த்தார். அதன் பொருட்டு உடன் உழைத்த டாம் மோரிஸ் அவரோடு பிணங்கிப் பிரிந்தார். ஆயினும் காலப்போக்கில் ராபர்ட்சனும் புதிய பந்தை ஏற்றார். குழியை அணுகும் அடிக்கு இரும்பு மட்டையைக் கையாண்ட முன்னோடி என்றும் போற்றப்பட்டார். 1858இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலை 79 அடிகளில் ஆடி முடித்தார்.

பின்னர் ஜே. எச். டெய்லர் ‘மேஷி’ என்னும் இரும்பு மட்டையால் இவ்வடியைக் கலையாக்கி, 1894 முதல் 1913 வரை ஐந்து முறை பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் வாகை சூடினார். 1932இல் ஜீன் சரசன் அடிப்பாகம் அகன்ற மணல்மட்டையைக் கொண்டு அதே போட்டியை வென்றார்.

இவ்வடியைப் பயில்வோர் செய்யும் முதற்பிழை யாது? பந்தைக் கையால் வாரித் தூக்க முயல்வதே. மட்டையின் சாய்ந்த முகமே பந்தை எழுப்பும். கால்களைச் சற்றே நெருக்கி வைத்து, உடலின் எடையைச் சிறிது முன்காலில் தாங்கி, மட்டை கீழ்நோக்கி இறங்கும்போதே பந்தைத் தொடுமாறு அடித்தல் வேண்டும். பந்துக்குப் பின்னரே மட்டை புல்லைத் தொட வேண்டும். அப்போது பந்து பின்சுழற்சி பெற்று விரைவில் நிற்கும். தூரத்தை வீச்சின் நீளத்தால் அளந்து பழகுதல் நலம்.

இவ்வளர்ச்சிக்கு நம் காடு கொடுத்த விலையையும் மறத்தலாகாது. பிசினுக்காக மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிடவே அது பெருமளவில் தேவைப்பட்டது. சில ஆண்டுகளிலேயே சிங்கப்பூர்க் காடுகளில் தாபான் மரம் அரிதாயிற்று. பந்தின் கதையைக் கூறும் ஆசிரியர் மரத்தின் கதையையும் சேர்த்துக் கூறுவாராயின், அப்பாடம் முழுமை பெறும்.